இதயத்தின் பக்கம்: நான்கு முறை மாற்றி அச்சடித்த அனுபவம்

பத்தாம் வகுப்பு அறிவியலில் தடுமாறும் பிள்ளைகளுக்கு மாலையில் சிறப்பு வகுப்பு எடுக்கிறேன். அதற்காக நானே தயாரித்த கையேடு ஒன்று இருக்கிறது. ஆசிரியர்கள் பேச்சில் அதற்கு ‘மினிமம் மெட்டீரியல்’ என்று பெயர். சில வருடங்களுக்கு முன் டி.டி.பி. கடையில் கொடுத்து அடித்து, பள்ளி ரிசோ மெஷினில் (ஒரே நிற மையில் நிறையத் தாள் அடிக்கும் நகல் இயந்திரம்) நகல் போட்டது. தாள் மிச்சம் பிடிக்க வேண்டுமே என்று எழுத்தைச் சின்னதாக்கி, ஓரத்தைக் குறைத்து, ஒரு பாடத்தை இரண்டு பக்கத்துக்குள் அடைத்திருந்தேன். அதில் ‘இதயத்தின் அமைப்பு’ என்ற பக்கத்தைத் திரும்பச் செய்த கதை இது.

ஒருநாள் மாலை வகுப்பில் ஒரு பையனை அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். தங்குதடையில்லாமல் படித்தான். முடித்ததும், “நுரையீரல்ல இருந்து வர்ற ரத்தம் இதயத்துல முதல்ல எங்கப்பா வந்து சேருது? பார்த்தே சொல்லு” என்றேன். பக்கம் கையில்தான் இருக்கிறது. அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, “டீச்சர், இன்னொரு தடவ படிக்கட்டா?” என்று கேட்டான்.

அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். விரலை வைத்துப் படிக்கச் சொன்னேன். விரல் வரியின் கடைசிவரை ஒழுங்காகப் போனது. அடுத்த வரிக்குத் திரும்பும்போது சில தடவை படித்த வரிக்கே வந்தது, சில தடவை ஒரு வரி தள்ளி இறங்கியது. வரி தாண்டியது அவனுக்குத் தெரியவில்லை. வாக்கியம் ஒட்டாமல் போனாலும் வாய் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ‘படம் 3-ஐப் பார்க்க’ என்று வந்தது. தாளைத் திருப்பினான். படம் பின்பக்கத்தில். படத்தின் பாகங்களுக்கு அ, ஆ, இ, ஈ என்று குறி போட்டு, எது என்ன என்பதைப் படத்துக்குக் கீழே பட்டியலாகக் கொடுத்திருந்தேன். ‘இடது ஆரிக்கிள்’ (இதயத்தின் இடது மேல் அறை) என்பதைப் பட்டியலில் தேடி, அது ‘இ’ என்று கண்டுபிடித்து, படத்தில் ‘இ’ எங்கே என்று தேடி, மறுபடி தாளைத் திருப்பி, விட்ட வரியைத் தேடினான். அதற்குள் எதற்காகப் படத்துக்குப் போனோம் என்பதே அவனுக்கு விட்டுப்போயிருந்தது.

‘வாசிக்கத் தெரியுது, புரிஞ்சிக்கத்தான் தெரியல’ என்று ஓய்வறையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அந்த விரலைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அந்தப் பையன் செய்த வேலை மிகப் பெரியது. அதில் பாதி, பக்கத்தோடு மல்லுக்கட்டும் வேலை. இதயத்தைப் பற்றி யோசிக்க அவனிடம் மிச்சம் எதுவும் இல்லை.

சரி, பக்கத்தை மாற்றிப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். ஆனால் மாற்றினால் பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பி.எட். படிக்கும்போது இடைவெளி நிரப்பும் சோதனை பற்றிப் படித்திருந்தேன். 1953-ல் வில்சன் டெய்லர் கொண்டுவந்த முறை. ஒரு பத்தியில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒரு சொல்லை எடுத்துவிட்டு, வாசகர் அந்த இடத்தை எவ்வளவு சரியாக நிரப்புகிறார் என்று பார்ப்பது. ஐந்தாவது சொல், ஐந்தாவது சொல் என்று எடுத்துப் பார்த்தேன். தமிழில் வாக்கியமே நொறுங்கிப்போகிறது. நம் சொல் ஒவ்வொன்றும் வேற்றுமை உருபு, சாரியை எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு நிற்பது. ஒரு சொல்லை எடுத்தால் கூடவே நிறையப் போய்விடுகிறது. ஏழாவது சொல்லாக மாற்றிக்கொண்டேன்.

திருத்தும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. ‘ஆரிக்கிளிலிருந்து’ என்று வரவேண்டிய இடத்தில் நிறையப் பேர் ‘ஆரிக்கிளுக்கு’ என்று எழுதியிருந்தார்கள். முதலில் சொல் சரி, உருபுதானே தவறு என்று பாதி மதிப்பெண் போட்டேன். யோசித்துப் பார்த்தால், இந்தப் பாடத்தில் உருபுதான் பாடமே. ரத்தம் அங்கிருந்து வருகிறதா, அங்கே போகிறதா என்பதைச் சொல்வது அந்தக் கடைசிச் சில எழுத்துகள்தான். நீளமான சொல்லின் வாலில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. தடுமாறும் வாசகர் ‘ஆரிக்கிள்’ என்பதைப் பிடித்ததுமே அடுத்த சொல்லுக்குத் தாவிவிடுகிறார். இதைத் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டேன். பிறகு பெரிதும் உதவியது.

இடைவெளிச் சோதனையோடு இன்னொன்றும் சேர்த்துக்கொண்டேன். பக்கத்தைப் படித்து முடித்ததும், எழுத்தில்லாத இதயப் படம் ஒன்றைக் கொடுத்து, ரத்தம் போகும் வழியை விரலால் காட்டச் சொல்வது. நான் செய்த சோதனைகளிலேயே இதுதான் உண்மையைச் சொன்னது. மனப்பாடம் செய்தவர்களும் விரலில் மாட்டிக்கொள்வார்கள்.

ஒரே பிள்ளைகளிடம் நாலு தடவை காட்டினால் பழக்கத்தாலேயே பதில் வந்துவிடும். அதனால் ஒவ்வொரு பதிப்புக்கும் அந்தப் பாடத்தை அதுவரை பார்க்காத ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளில் ஆறேழு பேரைக் கூப்பிட்டுக்கொண்டேன். ஆறேழு பேரை வைத்துப் பெரிய முடிவு எதுவும் சொல்ல முடியாது. என் பக்கத்தில் எங்கே கல் தட்டுகிறது என்று பார்க்க அது போதும்.

முதல் பதிப்பு. எழுத்தில் இருந்து ஆரம்பித்தேன். பழைய கோப்பு யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருந்தது. எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்து, லிப்ரே ஆஃபீஸ் மென்பொருளில் வைத்துப் பிழை திருத்தவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. 10 புள்ளி (பாயிண்ட்) அளவில் இருந்த எழுத்தை 13 ஆக்கினேன். பழைய தாளில் ஒரு வரிக்கு 9, 10 சொற்கள் இருந்தன. வலது ஓரத்தை உள்ளே தள்ளி 5, 6 சொல்லுக்குக் கொண்டுவந்தேன். வரி இடைவெளியை ஒன்றரை ஆக்கினேன். தமிழுக்கு இது கட்டாயம் வேண்டும். மேல் வரியில் ‘ழு’, ‘கூ’ கீழே இறங்கும். கீழ் வரியில் ‘கீ’, ‘றி’ மேலே ஏறும். நெருக்கி அடித்தால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் கொண்டையும் முட்டிக்கொள்கின்றன.

அப்புறம் புள்ளி. ரிசோவில் மை குறையும்போது முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளிதான். பழைய தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ‘நுரையீரல தமனி’ என்றுதான் இருந்தது. ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காமலே எழுதினார்கள், எகர ஏகாரமும் ஒரே மாதிரிதான் இருந்தது. படித்தவர்கள் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். ஆனால் அவர்கள் மொழியில் ஊறிய புலவர்கள். ‘மூவிதழ் வால்வு’ என்ற சொல்லை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்கும் பிள்ளையிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது. புள்ளி கனமாக இருக்கிற எழுத்துருவாகத் தேடினேன். கடைசியில் நோட்டோ சான்ஸ் தமிழைக் கொஞ்சம் தடித்த வடிவில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு பக்க ஓரமும் நேராக நிற்கும்படி இழுத்துவைப்பதையும் விட்டுவிட்டேன். ‘நுரையீரல்களிலிருந்து’ மாதிரி ஒரு சொல் வரியில் இடம் போதாமல் கீழே இறங்கினால், மேலே மிச்சம் இருக்கும் நாலு சொல்லும் ஓரம் தொடுவதற்காக ஆளுக்கொரு திசையில் விலகி நிற்கும். செய்தித்தாளில் சொல்லை எங்கே வேண்டுமானாலும் உடைத்து அடுத்த வரியில் போடுகிறார்கள். படித்துப் பழகியவர்களுக்கு அது ஒன்றும் இல்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு உடைந்த சொல் இரண்டு புதுச் சொல். அதனால் இடது ஓரம் மட்டும் நேர், வலது ஓரம் எப்படியோ போகட்டும் என்று விட்டேன். உடன் வேலை பார்க்கும் ஆசிரியர் பார்த்துவிட்டு, “என்ன டீச்சர், வலது பக்கம் பல்லிளிக்குதே” என்றார். பார்வைக்கு அப்படித்தான் இருந்தது.

இந்தப் பதிப்பைக் கொடுத்தபோது விரல் வரி மாறவில்லை. படிக்கும் வேகம் கூடியது. ஒரு பெண் படித்து முடித்துவிட்டு, “ஈஸியா இருந்துச்சு டீச்சர்” என்றாள். ஆனால் கேள்விக்குப் பதில்? கிட்டத்தட்ட பழைய கதைதான். வழியைக் காட்டச் சொன்னால் விரல் படத்தின் மேல் சும்மா வட்டம் போட்டது. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. எழுத்தைச் சரிசெய்தால் வாசிப்புக்கு இருந்த தடை விலகும். புரிதல் தானாக வந்துவிடாது. இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் பதிப்பில் படத்துக்கு வந்தேன். படம் ஓரிடத்தில், அதை விளக்கும் எழுத்து இன்னோரிடத்தில் என்றால் கவனம் இரண்டாகப் பிளந்து, அவற்றை ஒட்டுவதற்கே மனத்தின் சக்தி செலவாகிவிடும் என்று கல்வி உளவியல் ஆய்வாளர்கள் பால் சாண்ட்லரும் ஜான் ஸ்வெல்லரும் 1992-ல் எழுதினார்கள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அந்தப் பையனைப் பார்த்த பிறகு இதை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. அ, ஆ, இ, ஈ பட்டியலை எடுத்துவிட்டேன். பாகத்தின் பெயரை அந்தப் பாகத்தின் மேலேயே எழுதினேன். இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருளில் இதயத்தைப் பெரிதாக வரைந்து பக்கத்தின் நடுவில் வைத்து, நீளமான பத்தியை ஆறு வாக்கியமாக வெட்டி, ஒவ்வொன்றையும் அது பேசும் பாகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

திரையில் அருமையாக இருந்தது. ஆக்சிஜன் மிகுந்த ரத்தத்துக்குச் சிவப்பு, ஆக்சிஜன் குறைந்ததற்கு நீலம். ரிசோவில் இருந்து தாள் வெளியே வந்ததும் நெஞ்சு சொரேர் என்றது. இரண்டும் ஒரே சாம்பல் நிறம். வலதும் இடதும் ஒன்றுபோல இருக்கும் இதயம். நம் பிள்ளைகள் கையில் இருக்கும் நகல் தாள்களில் எத்தனை படங்கள் இப்படி நிறத்தை இழந்து, ‘நீல நிறத்தில் காட்டப்பட்டுள்ளது’ என்ற வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்கின்றனவோ தெரியவில்லை. நிறத்தை விட்டுவிட்டு ஒரு பக்கத்துக்குச் சாய்ந்த கோடுகள் போட்டேன், மறுபக்கத்தை வெள்ளையாக விட்டேன். மெல்லிய கோடுகள் நகலில் ஒட்டிக் கறுப்பாகிவிட்டன. தடிமனான கோடு, நடுவில் நல்ல இடைவெளி என்று மாற்றிய பிறகுதான் நின்றது.

அடுத்தது வலது, இடது. இதயப் படத்தில் ‘வலது ஆரிக்கிள்’ நமக்கு இடது கைப் பக்கம் இருக்கும். எதிரே நிற்கும் ஆளின் இதயம் அது. எனக்கு இது பழகிப்போன விஷயம் என்பதால் எழுதவே தோன்றவில்லை. பிள்ளைகளில் இரண்டு பேர் எழுத்தை நம்பாமல் தங்கள் கையை நம்பி, வெண்ட்ரிக்கிளை, அதாவது கீழ் அறையை, தப்பான பக்கம் காட்டினார்கள். படத்துக்கு மேலே எதிரே நிற்கும் ஒரு சின்னப் பையனின் உருவத்தை வரைந்து, அவன் வலது கையில் ‘இவனுக்கு வலது’ என்று எழுதினேன். அதற்குப் பிறகு அந்தக் குழப்பம் வரவில்லை.

ஆனால் இந்தப் பதிப்பில் நானே ஒரு புதுப் பள்ளம் வெட்டியிருந்தேன். முதல் இரண்டு வாக்கியம் படத்தின் இடது பக்கத்தில் மேலும் கீழுமாக இருந்தன. நான்காவதும் ஐந்தாவதும் வலது பக்கத்தில். படத்தோடு சேர்த்துப் பார்த்தால் சரியான இடம். பிள்ளைகளோ இடமிருந்து வலமாகப் படித்துப் பழகியவர்கள். முதல் வாக்கியத்தைப் படித்ததும் படத்தைத் தாண்டிக் குதித்து நான்காவதைப் படித்தார்கள். வலது ஆரிக்கிளுக்கு வந்த ரத்தம், நுரையீரலுக்குப் போகாமலே இடது ஆரிக்கிளில் இருந்தது! விரலும் அப்படியே சுவரைத் தாண்டிப் போனது. சொன்னதை அப்படியே புரிந்துகொண்டிருக்கிறார்கள், பாவம்.

மூன்றாம் பதிப்பில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பெரிய எண் கொடுத்தேன். அதே எண்ணைப் படத்திலும் அந்த இடத்தில் வட்டத்துக்குள் போட்டு, எண்ணுக்கு எண் அம்புக்குறி. கொமேனியுஸ் என்ற கல்வியாளர் 1658-ல் சிறுவர்களுக்காக வெளியிட்ட படப் புத்தகத்தில் இதே உத்திதான்: படத்தில் எண், பக்கத்தில் அதே எண்ணோடு சொல். முந்நூறு வருடத்துக்கு மேலான பழக்கம் என் கையேட்டில் மட்டும் இல்லாமல் போயிருந்தது.

உருபுக் குறிப்பை எடுத்தேன். ‘ஆரிக்கிளிலிருந்து’ என்பதை ‘ஆரிக்கிளில் இருந்து’ என்று பிரித்தேன். தமிழாசிரியரிடம் கேட்டேன். “தாராளமா பிரிக்கலாம் டீச்சர், பொருள் கெடாது” என்றார். ‘எடுத்துச்செல்லப்படுகிறது’ மாதிரியான வினைகளை ‘போகிறது’, ‘வருகிறது’ என்று மாற்றினேன். பழைய வாக்கியம் இப்படி இருந்தது: ‘உடலின் பல்வேறு பாகங்களிலிருந்தும் பெருஞ்சிரைகளின் மூலமாகச் சேகரிக்கப்பட்ட ஆக்சிஜன் குறைந்த இரத்தமானது வலது ஆரிக்கிளை வந்தடைந்து மூவிதழ் வால்வின் வழியாக வலது வெண்ட்ரிக்கிளுக்கு அனுப்பப்படுகிறது.’ ஒரே மூச்சில் மூன்று பயணம். இப்போது: ‘1. உடம்பில் இருந்து ஆக்சிஜன் குறைந்த ரத்தம் வருகிறது. பெருஞ்சிரைகள் அதை வலது ஆரிக்கிளில் கொண்டுவந்து விடுகின்றன. 2. மூவிதழ் வால்வு திறக்கிறது. ரத்தம் வலது வெண்ட்ரிக்கிளுக்கு இறங்குகிறது.’

தமனி, சிரை விளக்கமும் இடம் மாறியது. பழைய தாளில் அது கடைசிப் பத்தியில் இருந்தது. பிள்ளைகள் ‘தமனி என்றால் நல்ல ரத்தம், சிரை என்றால் கெட்ட ரத்தம்’ என்று எங்கோ கேட்டதை வைத்துக்கொண்டு வருவார்கள். மூன்றாம் இடத்தில் நுரையீரல் தமனி வரும்போது அது இடிக்கும், ஏனென்றால் அதில் போவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம். அதனால் பக்கத்தின் தலையிலேயே ஒரு வரி: ‘இதயத்தை விட்டு வெளியே போகும் குழாய் தமனி, இதயத்துக்கு உள்ளே வரும் குழாய் சிரை.’

தலைப்பை மாற்றியதுதான் எனக்கே பிடித்த மாற்றம். ‘இதயத்தின் அமைப்பு’ என்ற தலைப்பு எதைத் தேடிப் படிக்க வேண்டும் என்று சொல்வதில்லை. 1972-ல் உளவியலாளர்கள் பிரான்ஸ்ஃபோர்டும் ஜான்சனும் செய்த சோதனை ஒன்று உண்டு. துணி துவைப்பதைப் பற்றிய ஒரு பத்தியை, எதைப் பற்றியது என்று சொல்லாமல் கேட்கவைத்தார்கள். கேட்டவர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எதைப் பற்றியது என்று முன்கூட்டியே தெரிந்தவர்களுக்குப் புரிந்தது, நினைவிலும் நின்றது. கேட்டு முடித்த பிறகு சொன்னால் பயன் இல்லை. அதனால் தலைப்பையே கேள்வியாக்கினேன்: ‘ரத்தம் இதயத்துக்குள் எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது?’

ஒரு பெட்டியையும் எடுத்தேன். வில்லியம் ஹார்வி 1628-ல் ரத்த ஓட்டத்தை விளக்கி நூல் வெளியிட்டது பற்றிய ‘தெரியுமா உனக்கு?’ பெட்டி, பக்கத்தின் நடுவில் பளிச்சென்று இருந்தது. எனக்குப் பிடித்த பெட்டி. ஆனால் பழைய தாளைப் படித்த பிள்ளைகளிடம் என்ன நினைவிருக்கிறது என்று கேட்டபோதெல்லாம் ஹார்வியும் 1628-ம்தான் முதலில் வந்தன. ரத்தத்தின் வழி வரவில்லை. பெட்டியைப் பாடத்தின் கடைசிக்கு அனுப்பினேன்.

மூன்றாம் பதிப்பைப் படித்த ஏழு பேரில் ஐந்து பேர் வெற்றுப் படத்தில் வழியை முழுதாகக் காட்டினார்கள். முதல் பதிப்பில் ஒருவர்கூட இல்லை. மீதி இரண்டு பேர் நுரையீரலில் நின்றுவிட்டார்கள். காரணம் என் படம்தான். நுரையீரலை வரையாமல் அம்புக்குறியைப் பக்கத்துக்கு வெளியே விட்டிருந்தேன். போன ரத்தம் திரும்பி வரும் இடம் அவர்கள் கண்ணில் படவே இல்லை.

நான்காம் பதிப்பில் இரண்டு நுரையீரலும் வந்தன. தலைமையாசிரியர் பார்த்துவிட்டு ஒரு நியாயமான கேள்வி கேட்டார். “இவ்வளவு எளிமையா எழுதிட்டா, பரீட்சையில புத்தகச் சொல்லு வந்தா முழிக்க மாட்டாங்களா?” அதனால் கலைச்சொல் எதையும் நான் தொடவில்லை. மூவிதழ் வால்வு, ஈரிதழ் வால்வு, பெருந்தமனி எல்லாம் அப்படியே. வினையையும் வாக்கிய நீளத்தையும் மட்டும் இளக்கினேன். பழைய தாளில் பாதி பக்கம் தடித்த எழுத்து. எல்லாம் தடிப்பாக இருந்தால் எதுவும் தடிப்பாகத் தெரியாது. இப்போது அந்தக் கலைச்சொற்கள் மட்டும், அதுவும் முதல்முறை வரும் இடத்தில் மட்டும். பின்பக்கத்தில் புத்தக நடையிலேயே ஒரு பத்தி வைத்தேன். முன்பக்கம் புரிந்த பிறகு அதைப் படிக்க வேண்டும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் சிலர் நேராகப் பின்பக்கத்துக்கே போகிறார்கள். அவர்களுக்கு அது போதும்.

ஒரு பக்கம் இப்போது மூன்று பக்கமாகிவிட்டது. தாள் செலவு கூடியதை மறைக்க முடியாது. அதற்காகக் கையேட்டில் இருந்து இரண்டு பாடத்தின் பயிற்சி வினாக்களை எடுத்துவிட்டுக் கரும்பலகையில் எழுதுகிறேன்.

முதலில் சொன்ன பையனிடம் புதுத் தாளைக் கொடுத்தேன். அவன் பாடத்தை ஏற்கெனவே பலமுறை கேட்டவன், அதனால் கணக்கில் சேர்க்கவில்லை. படித்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே பென்சிலை எடுத்து, தன் பாடப்புத்தகத்தில் இருந்த இதயப் படத்தில் 1, 2, 3 என்று எண் போட ஆரம்பித்தான். நான்காவதை நுரையீரலில் இருந்து திரும்பும் இடத்தில் போட்டுவிட்டு, “இங்கதான டீச்சர் அன்னைக்குக் கேட்டீங்க?” என்றான்.

இப்போது அனிச்சை வில் (யோசிக்காமலே கை இழுத்துக்கொள்வது போன்ற செயலின் நரம்பு வழி) பக்கத்தில் இருக்கிறேன். அதிலும் ஒரு பயணம் உண்டு: முள் குத்திய விரலில் இருந்து தண்டுவடத்துக்கு, அங்கிருந்து திரும்பத் தசைக்கு. சிக்கல், தண்டுவடத்தை வெள்ளரிக்காய் வில்லைபோல் குறுக்கே வெட்டிக் காட்டுகிறோம். அந்த வண்ணத்துப்பூச்சி வடிவம் முதுகுக்குள் எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் இல்லை. முழு உடம்பைச் சின்னதாக வரைந்து, வெட்டிய இடத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். அடுத்த வாரம் ஆறு பேரிடம் கொடுத்து, விரலை வைத்துப் படிக்கச் சொல்லப்போகிறேன்.